கொப்பியில் இல்லாத நகர்வு

கேள்வி: சேர், நான் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து எழுதுகிறேன். தரம் 10இல் படிக்கிறேன். எங்கள் பாடசாலையில் செஸ் பழக்குவதற்கு ஆள் இல்லை. கொழும்பில் கடையில் வேலை செய்யும் அண்ணா கொடுத்த பழைய போனில் வீடியோ பார்த்து, வெள்ளைக்கு லண்டன், கறுப்புக்கு சிசிலியன் நஜ்டோர்ஃப் என்று இரண்டு ஓப்பனிங்கை, அதாவது ஆட்டம் தொடங்கும் நகர்வு வரிசைகளை, கொப்பியில் எழுதிப் பாடமாக்கினேன். சில வரிசைகள் 14ஆம் நகர்வு வரைக்கும் தெரியும். ஆனால் வலயப் போட்டியில் 5 ஆட்டத்தில் 3 தோல்வி. ஒன்றில் எட்டாவது நகர்விலேயே மேட். கொப்பியில் இல்லாத நகர்வு வந்ததும் தலைக்குள் ஒன்றுமே இல்லாத மாதிரி ஆகிவிட்டது. விளையாட்டுக்குப் பொறுப்பான மிஸ், "பாடமாக்காதே, அடிப்படை விதிகளைப் படி" என்கிறார். கண்டியில் செஸ் வகுப்புக்குப் போகும் தோழியின் அக்கா, "தியரி, அதாவது ஏட்டில் உள்ள ஓப்பனிங் வரிசைகள், தெரியாமல் மேலே போகவே முடியாது" என்கிறார். யார் சொல்வது சரி? எட்டு நகர்வில் தோற்ற ஆட்டத்தை எழுதி அனுப்பியிருக்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம்தான் கிடைக்கும். டாட்டாவும் அவ்வளவு இல்லை.

பதில்: மகள், யார் சரி என்ற வழக்கைக் கொஞ்சம் ஒத்திவைப்போம். நீங்கள் அனுப்பிய ஆட்டம் அதைவிடச் சுவையானது. வீட்டுக்கு வந்து, தோற்ற ஆட்டத்தை ஞாபகத்திலிருந்து எழுதி, ஓரத்தில் "இங்கே இப்படி நினைத்தேன்" என்று குறிப்பும் போட்டிருக்கிறீர்கள். என்னிடம் பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளை இதைச் செய்யவைக்க நான் படாத பாடு படுகிறேன். பலகையை எடுத்துக் காய்களை அடுக்கிக்கொண்டு மேலே படியுங்கள்.

நீங்கள் வெள்ளை. டி4, அதாவது ராணிக்கு முன்னால் நின்ற சிப்பாயை இரண்டு கட்டம், தள்ளினீர்கள். எதிரே இருந்த பிள்ளை உடனே இ5 தள்ளியது. எங்லண்ட் காம்பிட் என்று இதற்குப் பெயர்; காம்பிட் என்றால் வேண்டுமென்றே ஒரு சிப்பாயைப் பலி கொடுப்பது. பெரிய ஆட்டக்காரர்கள் இதை மதிப்பதில்லை. பாடசாலைப் போட்டிகளிலோ இதை வைத்தே ஆட்டம் வெல்கிற பிள்ளைகள் உண்டு. நீங்கள் அந்தச் சிப்பாயை வெட்டினீர்கள், சரி. கறுப்புக் குதிரை சி6, உங்கள் குதிரை எஃப்3, கறுப்பு ராணி இ7, உங்கள் மந்திரி எஃப்4. கொப்பியில் இல்லாத இடத்திலும் இதுவரை நீங்கள் ஆடியது அத்தனையும் நல்ல நகர்வு. பிறகு ராணி பி4இல் வந்து செக். அந்த ஒரு நகர்வு உங்கள் ராஜாவையும் எஃப்4 மந்திரியையும் பி2 சிப்பாயையும் ஒன்றாகப் பார்க்கிறது. மந்திரியை டி2க்கு இழுத்து மறைத்தீர்கள். அதுவும் சரிதான். ராணி பி2 சிப்பாயை வெட்டியது.

பிழை இந்த இடத்தில்தான் தொடங்கியது. ஆறாவது நகர்வாக மந்திரியை சி3இல் வைத்தீர்கள். "ராணியை அடிக்கிறேன், மூலை யானைக்கும் மறைப்பு" என்பது ஓரத்தில் உங்கள் குறிப்பு. நல்ல காரணம். ஆனால் கறுப்பு மந்திரி பி4க்கு வந்ததும் உங்கள் மந்திரி ராஜாவோடு கட்டுண்டுவிட்டது, அந்தக் கோட்டை விட்டு விலகினால் ராஜாவுக்கு செக். பக்கத்திலேயே நிற்கும் ராணியை இனி அதனால் வெட்ட முடியாது. அந்த மந்திரியைக் காக்க உங்கள் ராணி டி2க்கு வந்தது. கறுப்பு மந்திரி சி3இல் வெட்ட, நீங்கள் ராணியால் திருப்பி வெட்ட, கறுப்பு ராணி சி1இல் இறங்கி மேட். உங்கள் மூலை யானையிடமிருந்து சி1 இரண்டே கட்டம். நடுவில் பி1 குதிரை, ஆட்டம் தொடங்கியதிலிருந்து அசையாத அந்தக் குதிரை, வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது.

இப்போது ஆறாவது நகர்வுக்குத் திரும்பிப் போய் அந்தக் குதிரையை எடுத்து சி3இல் வையுங்கள். அடுத்து யானை பி1க்கு வந்தால் ராணிக்கு ஏ3ஐத் தவிர ஓட இடமில்லை. கறுப்பு ராணி ஒரு சிப்பாயைத் தின்றுவிட்டு உங்கள் காய்களுக்கு நடுவில் அலைகிறது, மற்றக் கறுப்புக் காய்கள் அநேகமாக எல்லாம் வீட்டில் இருக்கின்றன. இது உங்களுக்கு மிக நல்ல நிலை.

மிஸ் இதைப் பார்த்திருந்தால், "ஆறு நகர்வுக்குள் ஒரே மந்திரியை மூன்று தடவை நகர்த்தியிருக்கிறாய், குதிரை வீட்டிலேயே நிற்கிறது, அதனால்தான் தோற்றாய்" என்று சொல்லியிருப்பார். சரிதான். கண்டி அக்கா, "இந்தப் பொறி எல்லாருக்கும் தெரிந்த பழைய பொறி, பாடமாக்கியிருந்தால் தப்பியிருப்பாய்" என்று சொல்லியிருப்பார். அதுவும் சரிதான். ஆனால் இரு பக்கமும் ஒவ்வொரு நகர்வு வைத்த உடனேயே பலகையில் 400 விதமான நிலை வரலாம். இரண்டாவது, மூன்றாவது நகர்வுக்குப் போனால் கணக்கு எங்கேயோ போய்விடும். இந்தப் பொறியைப் பாடமாக்கினால் அடுத்த பிள்ளை வேறொன்றோடு வருவாள்.

எனக்கு இதில் பட்டது இன்னொன்று. லண்டன் ஆடும்போது எஃப்4க்கு மந்திரியை எடுக்கிறீர்கள். ஏன் என்று கேட்டால், "இ3 தள்ளினால் மந்திரி உள்ளே அடைபட்டுவிடும், அதனால் முதலில் வெளியே எடுக்கிறேன்" என்பீர்கள். அதற்கு நீங்கள் கொடுக்கும் விலை என்னவென்று வீடியோவில் சொன்னார்களா? மந்திரி சி1ஐ விட்டுப் போனதும் பி2 சிப்பாய்க்குக் காவல் இல்லை. லண்டனுக்கு எதிராகக் கறுப்பு சி5 தள்ளி ராணியை பி6இல் வைப்பது இதற்காகத்தான். உங்கள் கொப்பியில் ராணி பி6 என்ற நகர்வும் அதற்கான பதிலும் கட்டாயம் இருக்கும். "ஏன்" என்பது இருந்திருக்காது. அந்த ஒரு வரி இருந்திருந்தால், எங்லண்ட் காம்பிட் என்ற பெயரையே கேள்விப்படாத நீங்கள் ராணி பி4க்கு வந்த கணமே, "ஓ, பி2க்கு வருகிறாள், குதிரை சி3க்குப் போகவேண்டி வரும்" என்று ஒரு நகர்வு முன்னாலேயே நினைத்திருப்பீர்கள். பாடமாக்கிய லண்டனிலேயே பாடமாக்காத ஆட்டத்துக்கு மருந்து இருந்திருக்கிறது.

கேத்திரகணிதத் தேற்றத்தைச் சொல்லுக்குச் சொல் பாடமாக்குகிற பிள்ளைகளை உங்கள் வகுப்பிலேயே பார்த்திருப்பீர்கள். வினாத்தாளில் முக்கோணியின் எழுத்துகளை மாற்றி, படத்தையும் கொஞ்சம் திருப்பிப் போட்டால் பேனை நின்றுவிடும். தேற்றம் தெரியாமல் இல்லை. எந்த வரி எதற்காக வந்தது என்பது தெரியாது. நீங்கள் பாடமாக்கிய 14 நகர்வும் அப்படித்தான் இருக்கிறது.

சரி, அப்படியானால் மிஸ் ஜெயித்துவிட்டாரா என்றால், அதுவும் இல்லை. விதிகளையும் மந்திரம் மாதிரிப் பாடமாக்கலாம். நடுக்கட்டங்களைப் பிடி, குதிரையை முதலில் எடு, ஒரே காயை இரண்டு தடவை நகர்த்தாதே, சீக்கிரம் காஸ்லிங் செய்து ராஜாவை ஓரமாக ஒதுக்கு என்று ஒப்பிப்பவர்கள் எத்தனையோ பேர். பலகையைப் பார்க்காமல் ஒப்பித்தால் அதுவும் கொப்பிதான், பக்கம் கொஞ்சம் குறைவு, அவ்வளவே.

இதற்கு விஸ்வநாதன் ஆனந்தின் ஆட்டமொன்றைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 1988, சுவிட்சர்லாந்தின் பீல் நகரம். அப்போது அவருக்கு வயது 18. முந்தைய ஆண்டுதான் உலக ஜூனியர் பட்டம் வென்றிருந்தார். எதிரே கொலம்பியாவின் அலோன்சோ சபாட்டா. ஆனந்த் கறுப்பு. இ4, இ5. குதிரை எஃப்3, குதிரை எஃப்6. வெள்ளைக் குதிரை இ5 சிப்பாயை வெட்டியது, ஆனந்த் டி6 தள்ளினார். குதிரை எஃப்3க்குத் திரும்ப, ஆனந்தின் குதிரை இ4 சிப்பாயை வெட்டியது. வெள்ளை இன்னொரு குதிரையை சி3இல் வைக்க, ஆனந்த் ஐந்தாவது நகர்வாக மந்திரியை எஃப்5இல் வைத்தார்.

அந்த நகர்வை விதிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். புதுக் காய் வெளியே வந்திருக்கிறது. நடுவில் நிற்கும் குதிரைக்குக் காவல் கிடைத்திருக்கிறது. ஒரு குறையும் சொல்ல முடியாது. தியரியோடு ஒப்பிட்டாலும் குறையில்லை: முந்தைய ஆண்டு மைல்ஸ், கிறிஸ்டியன்சன் என்ற இரண்டு கிராண்ட்மாஸ்டர்கள் ஆடிய ஆட்டத்தில் இதே நகர்வு வந்து, ஆட்டம் சமநிலையில் முடிந்திருந்தது. சபாட்டா ராணியை இ2இல் வைத்தார். ஆனந்த் அங்கேயே ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். ஆறே நகர்வு. இ4 குதிரை ராஜாவுக்கு நேரே கட்டுண்டு நிற்கிறது. வெள்ளை டி3 தள்ளினால் குதிரை போய்விடும். ராணியை இ7இல் வைத்துத் தடுக்கலாம் என்றால், வெள்ளைக் குதிரை டி5இல் குதித்து அந்த ராணியையே விரட்டும். விதியும் சம்மதித்தது, ஏட்டிலும் இருந்தது, இரண்டும் காப்பாற்றவில்லை. "நான் இதை வைத்தால் அவர் என்ன செய்வார்?" என்ற கேள்வி மட்டும் கேட்கப்படாமல் போனது. அதே ஆண்டில்தான் அவர் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எட்டு நகர்வுத் தோல்விக்காக நீங்கள் ரொம்ப வெட்கப்படத் தேவையில்லை.

ஆகவே விதி உங்களுக்கு ஒரு நகர்வைச் சிபாரிசு செய்யும். முடிவைக் கண்ணால் பார்த்து நீங்கள்தான் எடுக்க வேண்டும். குதிரை சி3 என்று விதி சொன்னதும் உடனே வைத்துவிடாமல், எதிராளியிடம் என்ன செக் இருக்கிறது, எதை வெட்டலாம், எதைக் கட்டலாம் என்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வைக்க வேண்டும். உங்கள் மந்திரி சி3 நகர்வையும் அந்தச் சுற்று பிடித்திருக்கும். கறுப்பு மந்திரி பி4க்கு வரலாம் என்பது அந்த இடத்தில் மறைந்து நின்ற விஷயம் இல்லை.

பாடமாக்கியே தீரவேண்டிய இடங்களும் இருக்கின்றன. இத்தாலியன் ஆட்டத்தை எடுங்கள்: இ4 இ5, குதிரை எஃப்3 குதிரை சி6, மந்திரி சி4 குதிரை எஃப்6. நான்காவது நகர்வில் வெள்ளைக் குதிரை ஜி5க்குப் பாய்கிறது. ஒரே காய் இரண்டாம் தடவை நகர்கிறது, விதிப்படி பிழை. ஆனாலும் எஃப்7இல் இரண்டு காய் குறிவைத்திருக்கின்றன, காவலுக்கு ராஜா மட்டும்தான். கறுப்பு டி5 தள்ளி மந்திரியின் வழியை அடைக்கிறது, வெள்ளை வெட்டுகிறது. இப்போது விதி படித்த பிள்ளை குதிரையால் டி5இல் திருப்பி வெட்டும். நடுக்கட்டம், நல்ல குதிரை. வெள்ளைக் குதிரை எஃப்7இல் தன்னைப் பலி கொடுத்து, ராஜா அதை வெட்டியதும் ராணி எஃப்3இல் செக் கொடுக்கும். டி5 குதிரையை விடக்கூடாதென்றால் ராஜா இ6க்கு, நட்டநடுப் பலகைக்கு, வந்து நிற்க வேண்டும். அங்கிருந்து பிழைப்பது நம் வலயப் போட்டியில் நடக்கிற காரியமா? அனுபவத்தில் கண்ட நல்ல வழி குதிரையை ஏ5க்குக் கொண்டுபோவது. ஓரத்துக் குதிரை மோசம் என்று எல்லா விதியும் சொல்லும், ஆனால் அது சி4 மந்திரியை அடிக்கிறது. வெள்ளை மந்திரி பி5இல் செக் கொடுக்க, சி6 தள்ளி, வெள்ளை வெட்ட, பி சிப்பாயால் திருப்பி வெட்டுவது. ஒரு சிப்பாய் குறைவு, பதிலாகக் காய்கள் மளமளவென்று வெளியே வரும். இதைப் பலகையில் உட்கார்ந்து நீங்களாகவே கண்டுபிடிக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கமாட்டேன். பாடமாக்குங்கள். அல்லது மூன்றாவது நகர்வில் குதிரைக்குப் பதிலாக மந்திரியை சி5இல் வையுங்கள். அப்போது ஜி5க்கு வரும் குதிரையை உங்கள் ராணி சும்மா வெட்டிவிடும்.

கண்டி அக்கா சொல்வது மேல்மட்டத்துக்கு உண்மைதான். அங்கே ஓப்பனிங் ஏட்டுச் சுமை எவ்வளவு என்றால், முன்னாள் உலக சாம்பியன் பாபி ஃபிஷர் அதில் வெறுத்துப்போய் 1996இல் பின்வரிசைக் காய்களைக் குலுக்கி அடுக்கும் ஆட்டமொன்றையே அறிவித்தார். மொத்தம் 960 தொடக்க நிலை, யாரும் பாடமாக்கிக்கொண்டு வர முடியாது. அது அவர்களுடைய நோய். அந்த நோய் வருகிற வசதி நமக்கு இன்னும் வரவில்லை. நம் பிள்ளைகளின் ஆட்டங்களைப் பார்த்தால் ஓப்பனிங்கில் முடிவதைவிட, காய் ஒன்றைச் சும்மா விட்டுக்கொடுத்து முடிவதே அதிகம். மேலேயும் சில நேரம் அப்படித்தான். 2024இல் சிங்கப்பூரில் இந்தியாவின் குகேஷ் உலகப் பட்டம் வென்றது, கடைசி ஆட்டத்தின் 55ஆவது நகர்வில் அப்போதைய சாம்பியன் டிங் லிரென் யானையைத் தவறான கட்டத்தில் வைத்ததால். அதுவரை சமநிலையாகப் போய்க்கொண்டிருந்த ஆட்டம்.

உங்கள் ஒரு மணித்தியாலத்துக்கு வருவோம். ஓப்பனிங்குக்கு அதில் கால் மணித்தியாலத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். அந்தக் கால் மணித்தியாலத்தில் புது வரிசை எதுவும் எழுத வேண்டாம். பழைய கொப்பியை எடுத்து, ஒவ்வொரு நகர்வுக்கும் எதிரே "ஏன்" என்று ஒரு வரி எழுதுங்கள். அதோடு, "இதனால் எது பலவீனமாகிறது" என்று இன்னொரு வரி. எழுத வராத இடத்தில் பென்சிலால் கோடு கிழியுங்கள். அதற்குக் கீழே இருக்கிறதெல்லாம் இப்போதைக்கு உங்களுடையது இல்லை, எழுதிவைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

லண்டனை விடச் சொல்லமாட்டேன். அதில் பாதிக்கு மேல் உங்களுக்கு ஏன் என்று எழுத வரும். நஜ்டோர்ஃபைக் கொஞ்ச நாளைக்கு மூடிவையுங்கள். ஐந்தாவது நகர்வில் ஏ6 தள்ளுகிறீர்களே, ஏன்? மந்திரியோ குதிரையோ பி5க்கு வராமல் தடுக்க, பிறகு பி5 தள்ள. அது வரைக்கும் எழுதிவிடலாம். வெள்ளை காய் காயாக வெளியே எடுத்துக்கொண்டிருக்கும்போது நாம் ஓரச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளிக்கொண்டிருக்க ஏன் முடிகிறது என்ற அடுத்த கேள்விக்குப் பதில் எழுத நிறைய ஆட்டம் ஆடியிருக்க வேண்டும். இ4க்கு இ5, டி4க்கு டி5 என்று வையுங்கள். பிழைவிட்டால் தண்டனை உடனே வரும், அதனால் காரணமும் உடனே புரியும். பாடசாலையில் தோழிகளோடு ஆடும் ஆட்டங்களில் வெள்ளைக்கும் இ4 ஆடிப் பாருங்கள்.

மிச்ச நேரத்தில் பாதி புதிர்களுக்கு: இரட்டைத் தாக்குதல், கட்டுதல், இரண்டு மூன்று நகர்வில் மேட். லிசெஸ் செயலி இலவசம், விளம்பரத் தொல்லையும் இல்லை. வீடியோ பார்க்கிற டாட்டாவோடு ஒப்பிட்டால் புதிர் தின்பது கொஞ்சம்தான். மற்றப் பாதி ராஜாவும் சிப்பாயும் மட்டும் மிஞ்சிய முடிவாட்டங்களுக்கு. அதற்குப் போனே வேண்டாம், பலகை போதும். அம்மாவோ தங்கச்சியோ எதிரே உட்கார்ந்தால் இன்னும் நல்லது, காயை நகர்த்தத் தெரிந்தால் போதுமானது. கொழும்பிலும் கண்டியிலும் பயிற்றுநர் வைத்துப் படிக்கிற பிள்ளைகளிடம் நம் பிள்ளைகள் தோற்பதை நான் அதிகமாகப் பார்த்திருப்பது, ஓப்பனிங் முடிந்து நெடுநேரம் சமமாக ஆடிய பிறகு இந்த முடிவாட்டங்களில்தான்.

தெரியாத நகர்வு வந்ததும் தலை வேலை செய்யவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த நேரத்தில் இரண்டு கையையும் மேசைக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள். தொட்ட காயை நகர்த்தியே ஆகவேண்டும் என்பதால் கை மேலே இருப்பதே ஆபத்து. கடிகாரம் ஓடட்டும். எட்டு நகர்வில் மேட் ஆனபோது உங்கள் கடிகாரத்தில் எவ்வளவு நேரம் மிச்சம் இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். அநேகமாக முழுசாக இருந்திருக்கும். முதலில் "அவர் இப்போது எதைப் பார்க்கிறார்?" என்று கேளுங்கள், பிறகு "என் எந்தக் காய் இன்னும் வீட்டில் இருக்கிறது?" என்று. நகர்வை முதலில் தாளில் எழுதிவிட்டு யோசித்து வை என்று பழைய ஆட்டக்காரர்கள் யாராவது சொல்லித்தந்தால் செய்யாதீர்கள். முன்கூட்டி எழுதுவதை உலக செஸ் சம்மேளனமான ஃபிடேயின் விதிகள் இப்போது தடைசெய்கின்றன, நடுவர் எச்சரிப்பார்.

மற்ற இரண்டு தோல்விகளும் ஞாபகம் இருந்தால் எழுதி அனுப்புங்கள், அதே மாதிரி ஓரக் குறிப்போடு. அதில் ஒன்று நஜ்டோர்ஃப் ஆடப் போய்த் தோற்றதாக இருந்தால், எதிரே இருந்த பிள்ளை மூன்றாவது நகர்வில் டி4 தள்ளவேயில்லை (அது இல்லாமல் நஜ்டோர்ஃபே வராது) என்று இப்போதே பந்தயம் கட்டுகிறேன்.